மூன்று முறை வெள்ளைப்பூ

1936 மே 17, ஞாயிறு

காலையில் பிடித்த மழை விடவில்லை. மூன்று மணிக்கே கடையில் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் மத்தியானத்தோடு தேயிலைத் தோட்டங்களுக்குத் திரும்பிவிட்டது. அக்கரப்பத்தனைக் கடைவீதியில் ஈ காக்கை இல்லை.

அப்பா கடைப்பலகைகளில் பாதியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கடை ராசிக் நானா, கிராமபோன் பெட்டியைச் சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டர் பழனியாண்டியும் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுக் குடை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் இப்படித்தான். கிராமபோன் ஊசி கிடைப்பது அருமையாக இருப்பதால் ஒரு நாளைக்கு ஒரு ஊசி, மூன்று பாட்டுப் பிளேட், அவ்வளவுதான். தேய்ந்த ஊசி பிளேட்டைக் கீறிவிடும் என்று நானா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எந்த மூன்று என்பதில்தான் சண்டை. அப்பாவுக்குப் பக்திப் பாட்டு வேண்டும். நானாவுக்கு இந்துஸ்தானிப் பாட்டு; ஒரு சொல்லும் புரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கம்பவுண்டருக்கு நாடகப் பாட்டு.

இன்று நானா ஒரு வழி சொன்னார். இரண்டு ஒரு சதக் காசை டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பது. காசில் ஒரு பக்கம் ராசா தலை, மறு பக்கம் தாளிப்பனை மரம். "ரெண்டும் தலைன்னா அண்ணனுக்கு. ரெண்டும் மரம்னா எனக்கு. ஒண்ணு தலை ஒண்ணு மரம்னா கம்பவுண்டருக்கு. மூணு பேரு, மூணு வழி. சண்ட முடிஞ்சுது."

நான் கடைக்குப் பின்னால், திரைக்கு உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நியாயமான ஏற்பாடு என்றுதான் எனக்கும் பட்டது.

மே 24, ஞாயிறு

மூன்று பிளேட்டும் நாடகப் பாட்டு. அப்பா தேநீரை ஆறவிட்டார்.

ஜூன் 5, வெள்ளி

மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். பூசாரியின் மனைவி நாகலெட்சுமி அக்கா குங்குமம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "வயசு இருபத்தஞ்சு ஆகிப்போச்சுல்ல சீதா? அம்மன் ஒனக்கு இன்னும் உத்தரவு குடுக்கலையே."

குங்குமத்தை இட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டு தடவையும் அப்பா அம்மன் சன்னிதியில் பூக் கேட்டார். வெள்ளை ரோசா ஒரு பொட்டலம், சிவப்பு ரோசா ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். மற்ற வீடுகளில் ஒரு தடவை கேட்பார்கள். அப்பா மட்டும் மூன்று தடவை கேட்பார், மூன்றிலும் வெள்ளை வர வேண்டும். ஏன் என்று சொன்னதில்லை.

1931-இல் முதல் தடவையே சிவப்பு. 1934-இல் இரண்டாம் தடவை சிவப்பு.

அந்த இரண்டு பேரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வருத்தமும் இல்லை. ஆனால் அம்மனுக்கு என்மேல் என்ன? சமைக்கும்போது, துவைக்கும்போது, சும்மா நிற்கும்போது — இந்தக் கேள்வி வருகிறது.

ஜூன் 28, ஞாயிறு

ஒரு வேடிக்கை. திரைக்குப் பின்னால் இருப்பவளுக்குக் காசு விழுவது தெரியாது. பாட்டு மட்டுந்தான் கேட்கும். யார் பாட்டு என்று இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். ஏழு ஞாயிறு, இருபத்தொரு பிளேட். அப்பாவுக்கு ஐந்து, நானாவுக்கு நான்கு. கம்பவுண்டருக்குப் பன்னிரண்டு.

மூன்று பேருக்கும் ஏழு ஏழு என்று வர வேண்டாமா? அப்பா, "ஒங்களுக்கு யோகம் கம்பவுண்டரே" என்று சிரிக்கிறார். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

கையில் ஏதாவது வித்தை செய்கிறாரோ? அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லையே. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, மருந்து கலக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். அம்மா மீனம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுகிறவர். ஆனால் தரையைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்களா?

ஜூலை 12, ஞாயிறு

போன வாரம் நானாவுக்குக் காய்ச்சல், பாட்டு இல்லை. இன்றோடு இருபத்து நான்கு பிளேட். அப்பா ஆறு, நானா ஐந்து, கம்பவுண்டர் பதின்மூன்று.

இன்று திரை இடுக்கில் பார்த்தேன். டம்ளர் எங்களுடையது. காசு எங்களுடையது. குலுக்கியது அப்பா. கம்பவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் பார்த்த அந்தத் தடவையும் அவருக்கே விழுந்தது.

ஜூலை 15, புதன்

அப்பா சரக்கு எடுக்க ஹட்டனுக்குப் போனார். கடையில் ஆள் இல்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த இரண்டு காசை எடுத்தேன். ஒன்று புதுசு, பளபளப்பு. ஒன்று கறுத்துத் தேய்ந்தது. டம்ளரில் போட்டு நூறு தடவை குலுக்கினேன். கை வலித்தது, ஆனால் விட மனமில்லை.

இரண்டும் தலை, இருபத்தாறு. இரண்டும் மரம், இருபத்து மூன்று. ஒன்று தலை ஒன்று மரம், ஐம்பத்தொன்று.

யாருமே விளையாடாமல், யோகமே இல்லாமல், காசு தானாகவே கம்பவுண்டர் பக்கம் சாய்கிறது.

சோறு பொங்கி இறக்கும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு காசையும் தரையில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. பளபளக் காசு தலை, கறுத்த காசு மரம் — இது ஒரு வழி. பளபளக் காசு மரம், கறுத்த காசு தலை — இது வேறு வழி. கடையில் ஒரே மாதிரி காசைக் குலுக்குவதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. இருப்பது மூன்று வழி இல்லை, நான்கு. அப்பாவுக்கு ஒன்று, நானாவுக்கு ஒன்று, அவருக்கு இரண்டு.

யாரும் களவு செய்யவில்லை. ஆட்டமே கோணல். இது தெரிந்ததும் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்? கணக்கு வந்ததற்கா, அவர் கள்ளன் இல்லை என்பதற்கா?

ஜூலை 22, புதன்

இன்றும் அப்பா ஹட்டனில். பதினொரு மணிக்குக் கம்பவுண்டர் வந்து படிக்குக் கீழேயே நின்றார்.

"ஐயா இல்லீங்களா?"

"இல்ல. என்ன வேணும்?"

"புண்ணுக்குக் கட்ட வெள்ளைத் துணி. நாலு கெஜம்."

அளந்தேன். கிழித்தேன். மடிக்கும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஞாயித்துக்கெழம ஆட்டத்துல நீங்கதான் நெறைய செயிக்கிறீங்க."

அவர் முகம் மாறியது. "எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. யோகம்னு ஐயா சொல்றாங்க."

"யோகமில்ல. ஒங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. அவங்களுக்கு ஒவ்வொண்ணுதான்." இரண்டு காசையும் மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் கையில ஏதோ பண்றேன்னு நெனச்சிருப்பீங்க."

"மொதல்ல ஒங்க நாணயத்தச் சந்தேகப்பட்டேன். அப்புறம் காச சந்தேகப்பட்டேன். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆட்டந்தான் சரியில்ல."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை இதற்குமுன் பார்த்ததில்லை. "இத ஐயாகிட்ட நான் சொல்லட்டுங்களா? ஒங்க பேரச் சொல்லாம?"

"சொன்னா ஒங்க பாட்டு கொறஞ்சிருமே."

"கொறையட்டும். தெரியாம ஆடினது வேற. தெரிஞ்சப்புறமும் ஆடினா களவு இல்லீங்களா."

துணியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். தபால் கந்தோர் வரைக்கும் போய், திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 26, ஞாயிறு

சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முதலில் பிடிபடவில்லை. "தலை, மரம், கலப்பு. மூணுதானே இருக்கு?"

கம்பவுண்டர் ஒரு காசை அப்பா கையிலும் ஒரு காசை நானா கையிலும் கொடுத்தார். "ஐயா கையில தலை, நானா கையில மரம். இது ஒண்ணு. இப்ப ஐயா கையில மரம், நானா கையில தலை. ரெண்டும் ஒண்ணாங்க?"

நானாவுக்குத்தான் சட்டென்று விளங்கியது. "அட, நீங்களும் நானும் ஒரே ஆளு இல்லையே அண்ணே."

இனிமேல் ஒரு புதுக் காசும் ஒரு கறுத்த காசுமாக எடுப்போம், கலப்பில் ஒரு வழி மட்டும் தனக்கு, நாலாவது வழி விழுந்தால் திரும்பக் குலுக்குவோம் என்று கம்பவுண்டர் சொன்னார். நானா மறுத்துத் தலையாட்டினார். "திரும்ப ஏன் குலுக்கணும்? நாலாவது ஆளு உள்ள டீ ஊத்திக்கிட்டு நிக்கிதே. அந்தப் புள்ளைக்கு ஒரு பாட்டு ஆகாதா?"

கெட்டிலைக் கீழே வைக்கக்கூட எனக்குப் பயம்.

"சரி" என்றார் அப்பா.

ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பளபளக் காசு, கறுத்த காசு. ரெண்டும் நம்ம சாமி படத்துக்கு அடியில கெடந்ததுல்ல?" நான் ரசம் ஊற்றினேன். இரண்டு கவளம் கழித்து, "நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்க" என்றார்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இரண்டாவது பிளேட் எனக்கு விழுந்தது. "சீதா, என்ன பாட்டு வேணும்?" என்று அப்பா கூப்பிட்டுக் கேட்டார். எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். கேட்டதும் ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் நானாவின் இந்துஸ்தானிப் பாட்டு என்றேன். அது என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் நினைப்பதையே அது சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கெட்டில் ஆவி பட்டு மணிக்கட்டில் கொப்புளம். தேநீர்த் தட்டைத் திரைக்கு வெளியே நீட்டும்போது கை தெரிந்திருக்க வேண்டும். போகும்போது கம்பவுண்டர் ஒரு சின்ன டப்பாவை அப்பாவிடம் கொடுத்தார். "உள்ள குடுங்க ஐயா. ராவைக்குப் போட்டா தோல் உரியாது."

அப்பா டப்பாவைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொண்டுவந்து கொடுத்தார். மருந்தில் கற்பூர வாசம்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

நானா இன்று கிராமபோன் இல்லாமல் தனியாக வந்தார். ஆவணி பிறந்துவிட்டது, அதனால் பேச வந்தேன் என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது; ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நம்ம கம்பவுண்டர் தங்கமான புள்ள அண்ணே. தாய் மட்டுந்தான். ஒங்ககிட்ட நேரா கேக்கப் பயந்துக்கிட்டு என்னய அனுப்பிருக்கான்."

"லயத்துல பொறந்த பையன் நானா."

"நான் இந்த ஊருக்கு மூட்ட தூக்க வந்தவன். என்னய பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டீங்க."

அப்பா இல்லை என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இரண்டுமே அவருக்கு வராது. கம்பவுண்டரை அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வீதியில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயமும் தெரியும். கடைசியில் சொன்னார்: "அம்மன்கிட்ட பூக் கேட்டுருவோம். மூணு தரமும் வெள்ள வந்தா எனக்குச் சம்மதம்."

ஆகஸ்ட் 24, திங்கள்

தூக்கமில்லை. விடிந்ததும் அடுப்பு மூட்டாமல் நோட்டை எடுத்தேன்.

காசுக்குத் தலை, மரம். பூவுக்கு வெள்ளை, சிவப்பு. ஒரு தடவை கேட்டால் இரண்டு வழி. இரண்டு தடவை கேட்டால் நான்கு. மூன்று தடவை கேட்டால் எட்டு. வெள்ளை வெள்ளை வெள்ளை. வெள்ளை வெள்ளை சிவப்பு. வெள்ளை சிவப்பு வெள்ளை. வெள்ளை சிவப்பு சிவப்பு. சிவப்பு வெள்ளை வெள்ளை. சிவப்பு வெள்ளை சிவப்பு. சிவப்பு சிவப்பு வெள்ளை. சிவப்பு சிவப்பு சிவப்பு.

எட்டில் ஒன்றுதான் சம்மதம். ஏழு, வேண்டாம்.

எழுதி முடித்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் 1931-இல்? எட்டில் ஏழு வேண்டாம். 1934-இல்? அதே எட்டில் ஏழு. இரண்டும் சேர்ந்து வேண்டாம் ஆவதற்கு அறுபத்து நான்கில் நாற்பத்தொன்பது. எந்தப் பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும், நான்கு பேரில் மூன்று பேர் என்னைப் போலத்தான் திரும்பி வந்திருப்பார்கள்.

அம்மனுக்கு என்மேல் கோபமே இல்லையோ? ஐந்து வருடமாக நான் எதற்காக வெட்கப்பட்டேன்?

அழுதேன். துக்கத்தில் இல்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு தடவ மட்டும் கேளுங்கப்பா. இல்லன்னா மூணுல ரெண்டு வெள்ளன்னு வச்சுக்குங்க. அதுவும் பாதிக்குப் பாதிதான்."

"அம்மன்கிட்ட பேரம் பேசச் சொல்றியா?"

"பேரமில்லப்பா. மூணும் வெள்ளன்னா எட்டுல ஒண்ணுதான் —"

"பாட்டுக்குக் குலுக்குற காசும் அம்மன் சன்னிதியும் ஒண்ணா சீதா?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பேசியிருப்பேன். காசும் அம்மனும் ஒன்றில்லைதான். அம்மன் பேசுகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். பேசுகிறவளுக்கு வாய்திறக்க இடம் கொடுக்க வேண்டாமா?

செப்டம்பர் 4, வெள்ளி

முதல் பொட்டலம் வெள்ளை.

இரண்டாவது வெள்ளை. நாகலெட்சுமி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா கூப்பிய கையோடு ஒரு அடி முன்னால் வந்தார். அவருக்கும் வெள்ளை வர வேண்டும் என்றிருந்தது; நான் பார்த்தேன், பொய்யில்லை.

மூன்றாவது, சிவப்பு. பூசாரி வீட்டுச் சின்னப் பெண் பொட்டலத்தைப் பிரித்துச் சிரித்துக்கொண்டே நீட்டினாள். அவளுக்குச் சிவப்புத்தான் அழகு.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "அம்மன் சொல்லிருச்சும்மா" என்றார்.

எங்க சொல்லுச்சு? சொல்ல எங்க விட்டீங்க? ரெண்டு தடவ வெள்ளன்னு சொன்னாளே, அது ஒங்க காதுல விழலையா? — இதெல்லாம் இங்கே எழுதுகிறேன். அவரிடம் "ஆமாப்பா" என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

யாரும் வரவில்லை. மழைதான் வந்தது.

செப்டம்பர் 20, ஞாயிறு

பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். யாரோ ஒரு நோயாளியை வண்டியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தரையைப் பார்த்தார்.

"கை ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சு."

"ஐயா மேல எனக்கு வருத்தமில்ல. அதச் சொல்லத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு வருத்தம் உண்டு என்று சொல்ல நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. வழி விடவேண்டியிருந்தது.

அக்டோபர் 11, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

மூன்று மணிக்குக் கடையைச் சாத்த அப்பாவுக்குக் கைகொடுத்தேன். பலகைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது, கடைசிப் பலகையின் உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டிக் கோடு. நெருக்கமாக, வரிசை வரிசையாக. நடுநடுவே சில வட்டம். என்ன இது என்று கேட்டேன். அப்பா அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா போட்டுப் பாக்குறேன். ஆளில்லாத நேரத்துல."

"எதப்பா?"

"ஒத்தக் காசு. மூணு தரம் சுண்டுறது. மூணும் தலைன்னா வட்டம். இல்லன்னா கோடு. நீ எட்டுல ஒண்ணுன்னு சொன்னியே, அது என் மனசுல முள்ளு மாதிரி கெடந்துச்சு. எனக்கு ஒன்ன மாதிரி எழுதிப் பாக்கத் தெரியாது. அதனால சுண்டிப் பாத்தேன். நூத்துப் பன்னண்டு தடவ. வட்டம் பதிமூணுதான்."

எட்டில் ஒன்று என்றால் பதினான்கு. அப்பாவுக்குப் பதின்மூன்று. நான் எண்ணிப் பார்க்கவில்லை, அவர் எண்ணியிருப்பார்.

"சும்மா கெடக்குற காசு. அதுக்கு ஒன் மேல கோவமா, அந்தப் பையன் மேல கோவமா? அதுகிட்டக் கேட்டாலும் வேணாம் வேணாம்னுதான் சொல்லுது. அப்ப, மூணு தடவ ஒனக்கு வேணாம்னது அம்மனா, நானா?"

பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போதுதான் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. எனக்குப் பதினொரு வயது. அம்மா இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு ஊருக்கு, கப்பலேற்றி, அவள் தாய் வீட்டுக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா? அப்பா பூக் கேட்டார். ஒரே ஒரு தடவை. இங்கேயே இருக்கட்டும் என்று வெள்ளை வந்தது. பிரசவத்தில் அம்மாவும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

"ஒரு தரம் கேட்டு நம்புனேன். அதனாலதான் ஒனக்கு மூணு தரம். ஒனக்கும் தப்பாப் போயிரக் கூடாதேன்னு. வேற ஒண்ணுமில்லம்மா."

நான் அவருடைய மூன்று தடவையைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

பலகைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப, ஒங்கம்மாவுக்கு நான் கேட்ட பூவு? அது எத்தனைல எத்தன?"

"ஒரு தடவதானே கேட்டீங்க. பாதிக்குப் பாதிப்பா."

"பாதிக்குப் பாதி." அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். "பதினாலு வருசமா, அம்மன் சரியாத்தான் சொல்லிருக்கும், நாந்தான் கேக்குற விதத்துல ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் தோளில் கை வைத்தேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி வைத்தது. எலும்பு தட்டுப்பட்டது. எப்போது இவ்வளவு மெலிந்தார்?

நானாவிடம் போய் மறுபடியும் ஒரே ஒரு தடவை பூக் கேட்கலாமா என்று பேசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"பூவ விட்ருவோம். ஒன்னயக் கேக்குறேன். அந்தப் பையன கட்டிக்க ஒனக்கு இஷ்டமா?"

இத்தனை வருடத்தில் அம்மனைக் கேட்டார்கள், பூவைக் கேட்டார்கள், ஒன்றும் தெரியாத குழந்தையின் கையைக் கேட்டார்கள். என்னைக் கேட்பது இதுதான் முதல்.

"இஷ்டம்பா" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

அக்டோபர் 18, ஞாயிறு

அப்பா குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தே போனார். நானாவைக் கூடக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. நேரே பேச வேண்டியதை நேரே பேசணும் என்றார். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். வேட்டியெல்லாம் சேறு, இரண்டு இடத்தில் அட்டை கடித்திருந்தது. "தை மாசம்" என்று மட்டும் சொன்னார்.

1937 ஜனவரி 20, புதன்

நாளை கல்யாணம். ஸாலிஹா ராத்தா, நானாவின் மனைவி, கையில் மருதாணி வைத்துவிட்டுப் பேனாவைத் தொடாதே என்றார். தொட்டுவிட்டேன்.

பிப்ரவரி 14, ஞாயிறு

டிஸ்பென்சரிக்குப் பக்கத்துச் சின்ன வீட்டில் எனக்குப் பழகிவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு கேட்டால் விழிப்பு வந்துவிடுகிறது. மீனம்மா அத்தை எங்களோடு வர மாட்டேன் என்கிறார். கொழுந்துக் கூடையும் விட மாட்டாராம், லயத்தையும் விட மாட்டாராம்.

இன்று அப்பாவை அத்தை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். அப்பா லயத்துக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று பார்த்தார்கள். அத்தை எங்கிருந்தோ ஒரு நாற்காலி இரவல் வாங்கி, துடைத்து, நடுவில் போட்டுவைத்திருந்தார். அந்த ஒற்றை அறையில் அது பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நாக்காலியில ஒக்காருங்க."

அப்பா நாற்காலியைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "நீங்கள்லாம் எங்க ஒக்காருவீங்க சம்பந்தி?"

அப்பாவே நாற்காலியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு வந்து, பாயில் எங்கள் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரொட்டியும் சம்பலும். சம்பல் காரம், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். அத்தை தயங்கித் தயங்கி மூன்றாவது ரொட்டியைக் கொண்டுவந்தார். அப்பா போதும் என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைக்கவில்லை.